கோயில் சுவருக்கு அடித்த மணி

1

முதலில் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கதையில் நான் என் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். போன வருஷம், அதாவது எழுபத்து மூன்றில், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி சுமாருக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். ஓர் அம்மன் கோயிலை ஒட்டி, இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. லாரிக்குள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் இல்லை, லாரிக்குள்ளே. வீட்டு வாசலில் யாரோ காலிங் பெல்லை அழுத்திவிட்டு விரலை எடுக்க மறந்துபோனதுபோல விடாமல் அடித்தது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் பிஸ்கட் டின், கையில் கூழ்ச் சொம்பு. லாரியின் மூக்கில் யாரோ வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அல்லது அழுதுகொண்டிருந்தாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

மீதி எல்லாம் நானாகக் கட்டியது. துறைமுகத்தில் எனக்கு டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பகல் முழுக்க உள்ளதையே எழுதுகிறவனுக்குச் சாயங்காலமானால் இல்லாததை எழுத எவ்வளவு கை அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக அரிக்கிறது. கடைசியில் உட்கார்ந்துவிட்டேன், சந்தோஷத்தில் மைக்கூட்டை ஒருமுறை கவிழ்த்தும் ஆயிற்று.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது:

"சித்திரை வெயில் எண்ணூர்க் கடலின்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல்—"

நிறுத்திவிட்டேன். நடந்தது ஆடியில். வர்ணனை நன்றாக வந்ததே என்ற சபலத்தில் மாதத்தை மாற்றிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆடி போனால் கூழ் போய்விடும், கூழ் போனால் கதையே போய்விடும். இரண்டாவது:

"ஐரீன் என்னும் அந்த அபலைப் பெண்—"

இதுவும் வேண்டாம். பிஸ்கட் டின்னுக்குள் மின்சாரத்தை அடைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்காருகிறவள் எந்த ஊரில் அபலை? என் பேனா பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது. மூன்றாவது சாதுவானது, அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஐரீன் ராயபுரத்தில் கல்மண்டபத்துக்கு அருகே குடியிருந்தாள். வயது இருபத்தெட்டு. அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐரீன் நகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் (பெயர் வேண்டாம், அங்கே கோபக்காரர்கள் அதிகம்) எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருஷமாக ஆராய்ச்சியும் செய்துவந்தாள். ஆராய்ச்சியின் தலைப்பு ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. சுருக்கமாகச் சொன்னால் ஒரு ஃபில்டர்.

ஃபில்டர் என்றதும் உங்கள் மூக்கு காபியைத் தேடும். என் மூக்கும் தேடியது. முதல் பிரதியில் ஐரீன் காபி ஃபில்டரைச் செம்மைப்படுத்துவதாகவே நான்கு பக்கம் எழுதி, அதை என் சிநேகிதன் குணசேகரனிடம் படித்துக் காட்டினேன். அவன் மூலக்கொத்தளத்தில், சுடுகாட்டுக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருவில் செத்தது பிழைத்து வருகிற ஒரே இடம் தன் கடைதான் என்பது அவன் பெருமை. நான்கு பக்கத்தையும் முழுக்கக் கேட்டுவிட்டு, சால்டரிங் அயர்னைக் கீழே வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு என் மேல் இரக்கப்பட்டு விளக்கினான்.

"நைனா, கல்யாண வூட்ல நூறு பேரு கத்திகினு இருப்பான். உன் பொஞ்சாதி கூப்ட்டா மட்டும் டக்குனு திரும்புவ பாரு, அதான் ஃபில்டரு."

எனக்குத்தான் கல்யாணம் ஆகவில்லையே என்றேன். அப்படியானால் உனக்குப் புரிவது கஷ்டம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

3

இந்தப் பகுதியில் ஒரு இயந்திரம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அரைப் பக்கம்தான். இதைத் தாண்டிவிட்டால் கதை இறக்கத்தில் சைக்கிள் போல ஓடும்.

துறைமுகத்திலிருந்து எண்ணூருக்குப் போகிற வழியில், தொழிற்சாலைகளுக்குப் பிரிகிற தண்டவாளங்கள் சாலைக்குக் குறுக்கே கிடக்கின்றன. என் கதையில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று நெட்டுக்குத்தாகப் பட்டை அடித்த பலகை. ஐரீனின் பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சின்ன மோட்டார் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணாடி எதிரே உள்ள சாலையை இடமிருந்து வலமாகத் துடைத்துக்கொண்டே போகும். பலகை எதிர்ப்பட்டால் உள்ளே இருக்கும் ஒளி உணரும் சில்லின்மேல் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று மாறி மாறி விழும்.* பலகை தூரத்தில் இருந்தால் பட்டைகள் நெருக்கமாகத் தெரியும், மாற்றம் வேகமாக நடக்கும். கிட்டே வர வரப் பட்டைகள் அகலும், மாற்றம் மெதுவாகும். சரியாக ஐம்பது கஜத்தில் நொடிக்கு இத்தனை தடவை என்று ஒரு அளவு உண்டு. அந்த ஒரே அளவை மட்டும் ஃபில்டர் உள்ளே விடும். மரம், மாடு, சுவரொட்டி, மீன்காரம்மாவின் கூடை எல்லாவற்றையும் வாசலோடு அனுப்பிவிடும். அளவு பொருந்தினால் மணி அடிக்கும். மணி அடித்தால் ஐம்பது கஜத்தில் பலகை, அதைத் தாண்டித் தண்டவாளம். லாரி நிற்க வேண்டும்.

இதைக் கட்டத்தான் மூன்று வருஷம். கண்ணாடிக்கு முன்னால் ஐரீன் கிறிஸ்மஸ் நட்சத்திரத்திலிருந்து கிழித்த பச்சைத் தாளை ஒட்டியிருந்தாள். பச்சை வழியாகப் பார்த்தால் சிவப்பு கறுப்பாகிவிடும். ஃபில்டருக்கு வேண்டிய எட்டுக்கால் ஐ.சி. இரண்டை, அப்பாவுக்குப் பழக்கமான ஒரு கப்பல் ரேடியோ அதிகாரி வெளிநாட்டிலிருந்து சாக்லேட் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்துச் சவரிநாதன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார் என்று ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் இதோ இப்படிச் சொல்லிவிட்டேன்.

(* இங்கே முதலில் இருந்த வாக்கியம்: "ஐரீன் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றின் கறுப்புப் பெயிண்டைச் சவர பிளேடால் சுரண்டினாள். பெயிண்ட் போனதும் அதற்கு வெளிச்சம் உறைத்தது." இதை எழுதிவிட்டு எழுந்து நின்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். குணசேகரன், அந்த டிரான்சிஸ்டருக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான் என்று சொல்லிக் கெடுத்தான். ஆகவே ஐரீன் உடைந்த காமிரா ஒன்றின் ஒளிமானியைப் பிடுங்கிச் சில்லாக வைத்துக்கொள்கிறாள். மனசில்லாமல்தான் மாற்றினேன்.)

4

இயந்திரம் ஆயிற்று, லாரிக்கு எங்கே போவது? ஐரீனின் வழிகாட்டி பேராசிரியர் சங்கரநாராயணன். லேபில் மேஜைமேல் மணி அடித்தால் யாரும் பட்டம் தரமாட்டார்கள், நிஜச் சாலையில் நாற்பது ஓட்டம் ஓட்டிக் காட்டு என்று சொல்லிவிட்டார். ஐரீன் எட்டு லாரி டிரைவர்களிடம் கேட்டாள். ஏழு பேர் சிரித்தார்கள். ஒருவர் டின்னுக்குள் பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டார்.

ஒன்பதாவது ஆள் தானாக வந்தார். வேம்பு, வியாசர்பாடிக்காரர், வயது நாற்பத்தெட்டு. ஒரு கம்பெனிக்காகத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு இருபது வருஷமாக ஒரே சாலையில் இரும்புக் கம்பி ஏற்றிப் போகிறவர். கிரேன் சவரிநாதன் டீக்கடையில் மகளின் கஷ்டத்தைச் சொன்னதைக் கேட்டு, மறுநாளே ராயபுரம் வந்து, வாசலிலேயே நின்று, எத்தனை நாள் வேண்டுமானாலும் என் லாரியில் வைத்துக்கொள், தினமும் வைத்துக்கொள் என்றார்.

இந்த மனிதரை நான் நம்பவில்லை. முதலில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுத ஆரம்பித்தேன். பாதி வரியிலேயே அவர் சிரித்துவிட்டார். சரி, டீக்காவது ஆசைப்படட்டும் என்று பார்த்தால் டீயும் வேண்டாம் என்கிறார். காரணமே இல்லாமல் இவ்வளவு நல்லவராக ஒருவர் கதைக்குள் நுழைந்தால் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வரும். ஐரீனை நேசிக்கிறாரோ என்று ஒரு பக்கம் முயன்றேன். ("வேம்பு அவளை ஓரக்கண்ணால்—" இல்லை, அவர் அவளை நேராகக்கூடப் பார்ப்பதில்லை. சாலையைத்தான் பார்க்கிறார்.) இந்த ஆள் ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை என ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு மேலே போனேன். ஐரீனும் அப்படித்தான் மேலே போனாள். லாரி கிடைத்த குஷியில் அவள் ஏன் என்று கேட்கவில்லை.

5

முப்பத்தோரு ஓட்டங்கள். அடடா, அந்த நாட்கள்.

டின் லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும். ஒயர் பேட்டரிக்குப் போகும். ஐரீன் கையில் நோட்டு. காசிமேட்டைத் தாண்டியதும் முதல் பலகை. மணி அடிக்கும், வேம்பு பிரேக்கில் ஏறி நிற்பார், கம்பிகள் பின்னால் கலகலவென்று ஆடும். ரயில் இருந்தால் போகவிடுவார். இல்லையென்றால் காதை வெளியே நீட்டிக் கேட்டுவிட்டு எடுப்பார். முதல் பத்து ஓட்டத்தில் மூன்று முறை மணி தவறியது. பலகை நிற்கும் இடமெல்லாம் ஐரீனுக்குத் தெரியுமாதலால் அவளே வாயால் மணி அடித்தாள். அதற்கும் வேம்பு நின்றார். சிமெண்டுத் தூசி, எண்ணூர்ப் புகை, மழைச்சாரல் எல்லாவற்றிலும் ஓட்டினார்கள். ஃபில்டரை ஒரு சின்னத் திருகால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்தினாள். பதினெட்டாவது ஓட்டத்திலிருந்து தவறவேயில்லை.

ஐரீன் சந்தோஷத்தில் லேபில் பாடினாள். பாடவே தெரியாதவள். டிரைவரின் எதிர்வினை என்று நோட்டில் ஒரு பத்தி இருந்தது. அதில் ஓட்டத்துக்கு ஓட்டம் "மிகச் சிறப்பு" என்று எழுதினாள். பொதுவாக டிரைவர்கள் மணியை மதிக்கமாட்டார்கள், தானே பார்த்துக்கொள்வேன் என்று வீம்பு பிடிப்பார்கள் என்று சங்கரநாராயணன் பயந்திருந்தார். இப்படி ஒரு டிரைவரா என்று அவரே ஆச்சரியப்பட்டார். செவ்வாய்க்கிழமை இரண்டு தேர்வாளர்களையும் லாரிக் கம்பெனி மானேஜரையும் அழைத்து வந்து ஓர் ஓட்டத்தைக் காட்டிவிடலாம், நாற்பதில் மீதியை அப்புறம் முடித்துக்கொள் என்றார்.

6

முப்பத்திரண்டாவது ஓட்டம், ஆடி வெள்ளி.

அந்த அம்மன் கோயில் சுவர் அதுவரை அழுக்கேறி, மழையில் ஊறி, என்ன நிறம் என்றே தெரியாமல் கிடந்தது. திருவிழாவுக்காக வியாழக்கிழமைதான் சுண்ணாம்பும் காவியும் அடித்திருந்தார்கள். எப்படி அடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. நூறடி நீளத்துக்கு.

ஐரீன் மூன்று வருஷ ஆராய்ச்சியில் தென்னை வரிசையை யோசித்திருந்தாள். சினிமா போஸ்டரை, சவுக்குக் கம்பு வேலியை, கோடு போட்ட லுங்கி காய்கிற கொடியைக்கூட யோசித்திருந்தாள். நம் நாட்டில் கோயில் சுவர் என்று ஒன்று இருப்பது தோன்றவேயில்லை. மாதா கோயில் பெண், அதனால் விட்டுவிட்டாள் என்று சொல்லாதீர்கள். தினமும் விடியற்காலை கோயிலைச் சுற்றி வந்து விபூதி பூசிக்கொண்டு கல்லூரிக்கு வருகிற சங்கரநாராயணனுக்கும் தோன்றவில்லை. இதைக் கேட்ட குணசேகரனுக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பிறந்ததிலிருந்து அதைத் தாண்டிப் போகிறவர்கள். தினம் பார்க்கிறதை யார் பார்க்கிறார்கள்?

மணி அடித்தது. வேம்பு பிரேக் போட்டார்.

பலகையென்றால் மணி இரண்டு நொடி அடித்து ஓய்ந்துவிடும். சுவர் அப்படியில்லை. சாலையோடு கூடவே போகிற சுவர், அதில் எங்கேயோ ஒரு பட்டை எப்போதும் சரியான தூரத்தில் இருந்துகொண்டே இருக்கும். மணி நிற்கவேயில்லை.

இனிமேல் நடந்ததை எழுதும்போது நான் நாற்காலியிலிருந்து இரண்டு தடவை எழுந்துவிட்டேன். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. தானே மணி அடித்துக்கொண்டு ஒரு லாரி அம்மன் வாசலில் வந்து நிற்கிறது, அதுவும் ஆடி வெள்ளியில். பம்பைக்காரர்கள் தங்கள் தாளத்தை விட்டுவிட்டு மணியின் தாளத்துக்கு மாறினார்கள். யாரோ நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி தட்டோடு வெளியே வந்து ரேடியேட்டருக்கு ஆரத்தி காட்டினார். இசக்கியம்மாள் என்கிற பெரிய மனுஷி, கூழ் ஊற்றுவதற்கு அவர்தான் தலைமை, சொம்பை ஜன்னல் வழியாக ஐரீன் கையில் திணித்தார். ஐரீன் அவரிடம், இது வேறொன்றுமில்லை, ஒரு குறிப்பிட்ட பட்டை அளவை மட்டும் உள்ளே விடுகிற மின்சுற்று என்று மரியாதையாக விளக்கினாள். இசக்கியம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஆத்தா எத்தினி ரூபத்துல வருவான்னு நமக்கு இன்னாமா தெரியும். நீ குடி."

ஐரீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூழ் மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டே, எடுங்க அண்ணே, போகலாம் என்றாள்.

வேம்பு அசையவில்லை. நேரே பார்த்தபடி, காதை ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் சாய்த்திருந்தார்.

"இரும்மா. ரயிலு போவட்டும்."

7

அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். நல்ல தமாஷ் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த வரியை எழுதிவிட்டு மேஜையைத் தட்டினேன். வேம்பு சிரிக்கவில்லை. இன்னும் சத்தம் காணோமே என்று தனக்குள் முனகினார்.

ஐரீன் சொம்பைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பத்திரண்டு ஓட்டத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டாள். பம்பைச் சத்தத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் நடுவில் அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள்.

"பத்தடிக்கு அந்தாண்ட எல்லாம் கஞ்சிம்மா," என்றார் வேம்பு. "ரெண்டு வருசமாச்சி. அப்பாவு இருந்தப்போ அவன் வாயி. இப்போ உன் மணி."

அப்பாவு அவருடைய கிளீனர், அவரைவிட மூத்தவர், பதினெட்டு வருஷம் கூடவே ஓடியவர். வேம்புவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு, பலகை, கேட், சைக்கிள், மாடு என்று அப்பாவு சொல்லச் சொல்ல வேம்பு ஓட்டினார். பக்கத்தில் வருவது தெரியும், சாலை உடம்புக்கே பாடம், தூரத்தில் இருப்பதுதான் இல்லை. தை மாதம் அப்பாவு மணலியில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டார். மாசியில் டீக்கடையில் சவரிநாதன் சொன்ன மணி வேம்புவின் காதில் விழுந்தது.

என் பென்சில் குறிப்புக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஐரீனின் நோட்டில் "மிகச் சிறப்பு" என்று முப்பத்தொன்று இருக்கின்றன. மணி மூன்று முறை தவறிய முதல் பத்து ஓட்டங்களும் அதே நோட்டில் இருக்கின்றன. அப்போதெல்லாம் அவள் விளையாட்டாக வாயால் மணி அடித்தாளே, அடிக்காமல் இருந்திருந்தால்— இந்த வாக்கியத்தை ஐரீன் லாரியில் உட்கார்ந்தபடி முடித்துப் பார்த்தாள். நான் முடிக்க மாட்டேன்.

என் பஸ் அவர்களைக் கடந்து போனது இந்த நிமிஷத்தில்தான் இருக்க வேண்டும். அவள் சிரித்து முடிக்கவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் தொங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை.

8

ஐரீன் ஒயரைப் பிடுங்கினாள். மணி நின்றது. கோயில் வாசலில் குலவை போட்டார்கள். பிறகு அவளே அப்பாவு ஆனாள். சைக்கிள் வருது அண்ணே, மாடு, இன்னொரு மாடு, பலகை, நிறுத்துங்க, ரயில் இல்ல, எடுங்க. எண்ணூர் போய்ச் சேருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

கம்பி இறங்கும்போது இருவரும் லாரி நிழலில் நின்று பேசினார்கள். வேம்புவுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், லாரி. புரைக்கு ஆபரேஷன் என்று கண்ணில் கத்தி வைத்தவனுக்குக் கம்பெனியில் மறுபடி ஸ்டியரிங் கிடையாது. கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைப்பார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். லாரியை விட்டு இறங்கினால் தான் யாரென்றே தனக்குத் தெரியாது என்றார். மூன்று பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். ஆனால் லாரியைப் பற்றிச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. அப்புறம் அவரே தேறி, ரொம்பச் சாதாரணமாக ஒரு யோசனை சொன்னார். அந்தக் கோயில் மட்டும் வேண்டாம் என்று மிஷினுக்குச் சொல்லிவிடக் கூடாதா?

சொல்லலாம். ஃபில்டரைக் கறாராக்கினால் கோயில் சுவருக்கு அடிக்காது. ஆனால் அத்தனை கறாராக வைத்தால், சேறு தெறித்த பலகையையும் அது உள்ளே விடாது. தாராளமாக வைத்தால் ஊரில் உள்ள அம்மனுக்கெல்லாம் அடிக்கும். ஐரீன் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் லேபைத் திறக்கச் சொல்லி, அட்டையில் கோயில் சுவரை வரைந்து வைத்து, திருகைத் திருகித் திருகிப் பார்த்தாள். கோயில் சுவருக்கு வாயைத் திறக்காத ஓர் இடம் கிடைத்தது. அதே இடத்தில், பலகைமேல் சேற்றைப் பூசிப் பத்துத் தடவை காட்டினாள். ஒன்பது தடவை அடித்தது.

ஒன்பது. ஆராய்ச்சிக்கு அற்புதமான எண். சங்கரநாராயணன் பார்த்தால் கைதட்டுவார்.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போகவில்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் அவள் கூடப் படித்த ரோசி நர்ஸாக இருக்கிறாள். அவள் மூலம் வேம்பு பெயருக்கு ஆபரேஷனுக்கு ஒரு சீட்டு வாங்கினாள். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது. அந்த நாளை விட்டால் அடுத்தது கார்த்திகைக்குத்தான். தேர்வாளர்களும் மானேஜரும் துறைமுக வாசலில் லாரிக்காகக் காத்து நிற்கப்போவதும் அதே செவ்வாய், அதே ஒன்பது. (குணசேகரன் இதைப் படித்துவிட்டு, நேரத்தை நீ வேணும்னே மோதவிட்ட என்றான். ஆமாம், நான்தான் மோதவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சின்ன அதிகாரம்கூட இல்லையென்றால் எப்படி?)

அன்று சாயங்காலம் வியாசர்பாடிக்குப் போய் டின், சீட்டு இரண்டையும் பற்றி வேம்புவிடம் சொன்னாள். ஒன்பது தடவை என்பதை மறைக்காமல் சொன்னாள்.

"எனக்கு இத்த ரோசிச்சி ரோசிச்சி பேஜாராப் பூட்ச்சிம்மா. காலைல லாரிய எட்த்துகினு உன் வூட்டாண்ட வர்றேன். நீ இன்னா எட்த்துகினு வர்றியோ, அதும்படி போலாம்."

9

முடிவுகள்.

(அ) ரயில் வருகிறது. இரண்டு பக்கம், கண்ணீர் சொட்டச் சொட்ட எழுதினேன், பயங்கரமாக வந்திருந்தது. வேம்புவை முப்பத்தோரு ஓட்டம் பிரேக் போடவைத்துவிட்டு இப்போது நானே ரயிலை ஏவினால் என்னைவிட மட்டமானவன் இருக்கமாட்டான். கிழித்தாயிற்று.

(ஆ) ஐரீன் கோயிலையும் பலகையையும் பிரித்தறிகிற புது ஃபில்டரைக் கண்டுபிடிக்கிறாள், பத்துக்குப் பத்து, மாலை மரியாதை. குணசேகரனிடம் காட்டினேன். சேற்றுக்கும் கோயிலுக்கும் நடுவில் இடமே இல்லை, இப்படி ஒரு சர்க்யூட் இருந்தால் நான் ஏன் சுடுகாட்டுக்கு எதிரில் கடை வைத்திருக்கிறேன் என்று கேட்டான்.

(இ) "ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்ததும் வேம்பு முதலில் பார்த்தது—" யாரை? சொக்கம்மாளை, அவர் மனைவியை. அவள் கதையில் எங்கேயும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசிப் பக்கத்தில் திடீரென்று இழுத்துவந்து நிறுத்தினால், இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று என்னைத்தான் கேட்பாள்.

(ஈ) மானேஜரிடம் ஐரீன் பேசி, கண் சரியானதும் லாரி கிடைக்கும்படி செய்கிறாள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அந்த மானேஜரை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஐந்து விதத்திலும் அவர் சம்மதிக்க மறுத்துவிட்டார்.

10

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணியில் நான் மூன்று வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

வேம்பு வந்துவிட்டார். வியாசர்பாடியிலிருந்து ராயபுரம் வரை நடக்கிற வேகத்தில், விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு, பின்னால் இருபது சைக்கிள்காரர்கள் திட்டத் திட்ட வந்திருக்கிறார். புதுச்சட்டை போட்டிருக்கிறார். லாரியின் மூக்கில் வெள்ளிக்கிழமை கட்டிய வேப்பிலை காய்ந்து தொங்குகிறது. தெருமுனைக்கு மேல் லாரி வராது, அங்கேயே நிறுத்தி, இறங்கி, பம்பரில் சாய்ந்து நிற்கிறார். முகத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பியவரின் குஷி. ராத்திரி நன்றாகத் தூங்கினாராம், டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யோசிக்கிற வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டார் இல்லையா.

ஐரீன் வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் ராத்திரி தூங்கவில்லை. கையில் ஒன்றுதான் இருக்கிறது, டின் அல்லது சீட்டு. இரண்டையும் கொண்டுவருவதில்லை என்று விடியும்போது முடிவுசெய்துவிட்டாள், அது மட்டும் எனக்குத் தெரியும். படி இறங்கித் தெருவுக்கு வருகிறாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் முப்பதடி இருக்கும்.

அவள் வருவது வேம்புவுக்குச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துவிட்டது. டீ கிளாஸைக் கொடுத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் வந்த திசையில் சிரிக்கிறார்.

"வந்துட்டியாம்மா. கையில இன்னா கீது?"

முப்பதடி தூரத்தில் அவருக்கு எல்லாம் கஞ்சி. ஐரீன் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நானோ பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாதியைப் பார்த்தவன், என் பேச்சை நம்பக் கூடாது. தெருவில் இப்போது கண் தெரிந்து, வாயும் திறந்து நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். அவர் காத்துக்கொண்டிருக்கிறார், சொல்லுங்கள்.